பெனியனுக்கு வந்த காய்ச்சல்

போன் திருத்துகிறவனுக்குத் தேர்மிஸ்டர் ஒன்றும் புதிய சாமான் அல்ல. போன் பற்றரியில் பிளஸ், மைனஸ் தவிர வேறு முனைகளும் இருக்கும். அவற்றில் ஒன்றின் பின்னால் அநேகமாகக் கடுகளவில் ஒரு தேர்மிஸ்டர் ஒளிந்திருக்கும். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். அதைப் பார்த்துத்தான் போன் 'பற்றரி சூடாகிவிட்டது, சார்ஜ் ஏற்றமாட்டேன்' என்று அடம்பிடிக்கிறது. அந்த முனை அறுந்தால் தடை எல்லையில்லாமல் ஏறிவிடும். போன் தான் பனிமலையில் கிடப்பதாக நினைத்துக்கொள்ளும். திருகோணமலைச் சித்திரை வெயிலில் நின்றுகொண்டு 'வெப்பநிலை மிகக் குறைவு' என்று சொல்லும் போன்களை எத்தனை தடவை திருத்தியிருக்கிறேன் என்று கணக்கில்லை.

இவ்வளவு தெரிந்த எனக்கு, அதே தேர்மிஸ்டரை மகனின் பெனியனில் வைத்துத் தைத்தபோது ஒரு நள்ளிரவில் அது நல்ல பாடம் படிப்பித்தது. அந்தக் கதைதான் இது. இதைப் போல ஏதாவது செய்து பார்க்க நினைக்கிறவர்களுக்கு, நான் தடுக்கி விழுந்த இடங்களாவது தெரியட்டும்.

எங்கள் பக்கத்தில் 2017 ஐ யாரும் மறக்கமாட்டார்கள். நாடு முழுவதும் 186,101 பேருக்கு டெங்கு என்று பதிவான ஆண்டு. மார்ச் மாதத்தில் கிண்ணியா பட்ட பாட்டை நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்கும். எங்கள் மூத்தவளுக்கும் அந்த ஆண்டுதான் வந்தது. வைத்தியசாலைக்குப் போகும்வரை இரண்டு இரவு நானும் மனைவியும் மாறிமாறி அவளுடைய கமக்கட்டில் தேர்மோமீற்றர் வைத்துக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு தடவையும் அவள் விழித்து அழுவாள். இதை ஒரு சட்டையே செய்யாதா என்ற எண்ணம் அப்போதே வந்தது, நேரம்தான் வரவில்லை.

நேரத்தைத் தந்தது 2022. மார்ச் முடிவில் 13 மணித்தியாலம் மின்வெட்டு என்றால் போன் கடையில் என்ன வேலை நடக்கும்? லாச்சியைத் திறந்தால் செத்த லப்டொப் பற்றரிகள், அறுந்த இயர்போன்கள், நிரல் எழுதி ஓடவிடக்கூடிய ஆர்டுயினோ நானோ என்ற சின்னக் கணினிப் பலகை ஒன்று. வேலையற்றவனுக்கு இது போதும்.

முதலில் எனக்குப் பெரிய ஆசை வந்தது. சென்சரைத் துணியில் பொருத்துவது என்ன பெரிய வேலை, துணியே சென்சராக இருக்கவேண்டும் என்று. செம்புக் கம்பியின் தடை ஒரு பாகைக்கு ஏறத்தாழ 0.39 வீதம் மாறும். அப்படியானால் மெல்லிய செம்புக் கம்பியைப் பின்னல் துணிக்குள் ஓடவிட்டால் துணி முழுவதும் ஒரு தேர்மோமீற்றர்தான். உலகத்தில் இப்படிச் செய்தும் இருக்கிறார்கள். எரிந்துபோன ஒரு மின்விசிறி மோட்டாரை உடைத்து, தலைமயிர் மாதிரிக் கம்பியை 20 மீற்றர் எடுத்தேன். மொத்தத் தடை 43 ஓம் அளவில் வந்தது. கணக்குப் போட்டால் ஒரு பாகைக்கு 0.17 ஓம்தான் மாறும். என் மல்ரிமீற்றரின் இரண்டு முனைகளையும் கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலே அதைவிடக் கூட மாறுகிறது. துணியை இழுத்தாலும் மாறுகிறது. அதை அளக்க நல்ல பாலச்சுற்றும் அம்பிளிஃபயரும் வேண்டும். அந்த ஆசையை அன்றே மடித்து வைத்தேன். ஆனால் அந்தக் கம்பியை எறியவில்லை. பிறகு ஏன் என்று சொல்கிறேன்.

அப்புறம் தேர்மிஸ்டர். 25 பாகையில் 10 கிலோ ஓம் உள்ளது. கடையில் வாங்கலாம், லப்டொப் பற்றரிக்குள்ளும் கிடைக்கும். இன்னொரு 10 கிலோ ஓம் தடையோடு தொடராகப் போட்டு, நடுவில் உள்ள வோல்ற்றளவை நானோவிடம் வாசிக்கச் சொன்னால் போதும். தேர்மிஸ்டருக்கு மின் கொடுக்கும் அதே 5 வோல்ற்றையே நானோ தன் அளவுகோலாகவும் வைத்துக்கொள்வதால், பற்றரி இறங்கினாலும் வாசிப்பு மாறாது. 37 பாகைக்குக் கிட்ட, சூடு ஒரு பாகை மாறினால் நானோ வாசிக்கும் எண் ஏறத்தாழ 10 படி மாறும், அதாவது ஒரு படி 0.1 பாகை. 64 தடவை வாசித்துச் சராசரி எடுத்தால் இன்னும் சீராகும். அந்த வாசிப்பு என் போன் திரையில் தெரியும்படி இணைத்துக்கொண்டேன்.

இங்கேயே முதல் குழி. பற்றரியில் இருந்து எடுத்த தேர்மிஸ்டரும் கடைத் தேர்மிஸ்டரும் 25 பாகையில் ஒன்றுபோலத்தான் நிற்கும். மேசையில் வைத்துப் பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். ஆனால் 'பீற்றா' என்று ஒரு எண் உண்டு. சூட்டுக்குத் தடை எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று சொல்லும் எண் அது. கடையில் கிடைப்பவை அநேகமாக 3950. லப்டொப் பற்றரிக்குள் இருப்பவற்றில் நிறைய 3435. நான் எல்லாவற்றுக்கும் 3950 என்று நிரலில் எழுதிவிட்டேன். விளைவு, 37 பாகை உடம்பு 35.4 என்று காட்டியது. 'பிள்ளை சில்லிட்டுப் போயிருக்கிறானா' என்று மனைவி பதற, நான் வயர்களைத் தடவிக்கொண்டிருந்தேன். பிழை வயரில் இல்லை, நான் எழுதிய ஒரே ஒரு எண்ணில்.

சரி, சென்சர் தயார். அதைத் துணிக்குள் கொண்டுபோவது எப்படி? மின்கடத்தும் நூல் என்று ஒன்று இருக்கிறது. நைலோன் நூலில் வெள்ளி பூசியது ஒரு வகை, துருப்பிடிக்காத உருக்கில் திரித்தது இன்னொரு வகை. லியா பியூக்லி என்ற பெண்மணி துணியில் தைப்பதற்கென்றே வடிவமைத்த லிலிபாட் ஆர்டுயினோ 2007 இல் கடைக்கு வந்ததிலிருந்து, துணியில் சுற்று தைக்கிறவர்கள் அநேகமாக இந்த நூலைத்தான் பாவிக்கிறார்கள். கொழும்பில் இருந்து வரும் ஒருவரிடம் சொல்லி, வெள்ளி பூசிய நூலில் ஒரு சின்ன உருளை எடுப்பித்தேன். ஊசியில் கோர்த்து நானே இரண்டு நேர்கோடு தைத்தேன். பையனுக்குப் போட்டுவிட்டேன். அவன் கையைத் தூக்கினான். போன் திரையில் மைனஸ் 40. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, கடைக்கு வரும் அதே வருத்தம். நூல் அறுந்துவிட்டது.

அப்போதுதான் பக்கத்து வளவில் தைக்கும் அக்காவிடம் போனேன். முன்பு காமென்ற்ஸில் வேலை செய்தவர். இப்போது வீட்டில் பாடசாலைச் சீருடையும் சட்டை பிளவுஸும் தைக்கிறார். பெனியனைக் கையில் வாங்கி இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தார்.

"தம்பி, இது இழுபடுற துணி. இதில போய் நேர்த்தையல் போட்டிருக்கிறீங்க. முதல் நாளே டிக்கெண்டு அறாமல் என்ன செய்யும்?"

அவர் சிக்சாக் தையல் போட்டார். துணி இழுபடும்போது வளைவுகள் விரியும், நூல் இழுபடாது. நூலை மேலே கோர்க்கவும் இல்லை. பொபினில் சுற்றிக் கீழே போட்டு, மேலே சாதாரண நூலைப் போட்டார். "உந்த நூல் சொரசொரப்பு. மேல போட்டா ஊசிக் கண்ணில சிக்கிச் சிக்கித் திரி திரியா வரும்." நான் மூன்று நாள் தேடி வாசித்த விசயத்தை அந்த அக்கா நூலை விரலில் உருட்டிப் பார்த்து ஒரு நிமிடத்தில் சொன்னார். சென்சரைக் கமக்கட்டுத் தையல் சந்திக்கும் இடத்தில் வைக்கச் சொன்னேன். அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. அங்கே நாலு மடிப்பு ஒன்றுகூடும், பிள்ளைக்குக் குத்தும் என்று இரண்டு விரல் கீழே இறக்கினார்.

அக்கா தைத்த பெனியன் இரண்டு கிழமை அருமையாக வேலை செய்தது. நூல்கோட்டின் தடை 60 ஓம் அளவில் இருந்தது. அது தேர்மிஸ்டரோடு சேர்ந்து 0.2 பாகைக்குச் சற்று மேல் குறைத்துக் காட்டும். அதைக் கணக்கில் கழித்துவிட்டேன். 38.5 தாண்டினால் போனில் அலாரம். ஆக்களுக்குக் காட்டிப் பெருமையடித்தேன் என்பதையும் மறைக்கத் தேவையில்லை.

பிறகு சின்னவனுக்கு உண்மையிலேயே காய்ச்சல் வந்தது. டெங்கு அல்ல, சாதாரண வைரஸ் காய்ச்சல் என்று பிறகு தெரிந்தது. இரவு பத்தரைக்குப் பனடோல் சிரப் கொடுத்து, பெனியனைப் போட்டுப் படுக்கவைத்தோம். இரண்டு மணிக்கு அலாரம் அடித்தது. 38.9. நான் எழும்பி லைற்றைப் போடுவதற்குள் 39.2. மருந்து கொடுத்து நாலு மணித்தியாலம்கூட ஆகவில்லை. இன்னொரு வேளை கொடுப்பதா, வைத்தியசாலைக்குத் தூக்குவதா என்று நான் போன் திரையையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். மனைவி நெற்றியில் கை வைத்தார்.

"என்னப்பா சொல்லுறீங்க? பிள்ளை தண்ணியா வேர்த்து, குளிர்ந்துபோய்க் கிடக்கிறான்."

தேர்மோமீற்றரை வைத்தால் 36.8. காய்ச்சல் இறங்கிவிட்டது. பிள்ளை நிம்மதியாகத் தூங்குகிறான். காய்ச்சல் பெனியனுக்கு.

மறுநாள் கடையைத் திறந்ததும் முதல் வேலையாகப் பெனியனை மேசையில் விரித்தேன். காய்ந்த துணியில் 29.4, அறையின் சூடு. கொஞ்சம் உப்புத் தண்ணீர் கரைத்து, இரண்டு நூல்கோடுகளுக்கும் நடுவில் சொட்டுச் சொட்டாக விட்டேன். தேர்மிஸ்டரைத் தொடவே இல்லை. எண் ஏறத் தொடங்கியது. 30, 31, 32.

விசயம் இதுதான். வியர்வை உப்புத் தண்ணீர், மின்சாரத்தைக் கடத்தும். பருத்தித் துணி அதை உறிஞ்சி இரண்டு கோட்டுக்கும் நடுவில் ஒரு கள்ளப் பாதை போட்டுவிடுகிறது. தேர்மிஸ்டருக்குப் பக்கத்தில் இன்னொரு தடை சமாந்தரமாக நிற்பதுபோல ஆகிவிடும். மொத்தத் தடை குறையும். இந்த வகைத் தேர்மிஸ்டரில் தடை குறைந்தால் அர்த்தம் ஒன்றுதான்: சூடு. 37 பாகையில் தேர்மிஸ்டர் 6 கிலோ ஓம் அளவில் இருக்கும். கள்ளப் பாதை 100 கிலோ ஓம் அளவில் இருந்தாலே வாசிப்பு 1.4 பாகை கூடிவிடும். 100 கிலோ ஓம் என்பது பெரிய கசிவே அல்ல, நனைந்த துணிக்கு அது சர்வசாதாரணம். இதில் கொடுமை என்னவென்றால், பிழை எந்த நேரத்தில் வருகிறது என்பதுதான். காய்ச்சல் விட்டு வியர்க்கும் அதே நேரத்தில் பெனியன் காய்ச்சல் ஏறுகிறது என்று சொல்கிறது. தலைகீழ்.

நூலை மூடாமல் விட்டது என் மடத்தனம். வெள்ளி நூலுக்குச் சோடை இல்லை, ஆனால் அதற்கு உறை இல்லை. நாங்கள் இருப்பது கடற்கரை ஊர். மூன்று கிழமையில் நூல் கறுத்து, தடையும் 60 இலிருந்து மெல்ல ஏறத் தொடங்கியிருந்தது. நானோ இருக்கும் பெட்டியைப் பெனியனோடு இணைக்கப் போட்டிருந்த அழுத்துப் பொத்தான்களில் பச்சைக் களிம்பு. நம்மூர்க் காற்றில் பூட்டுத் திறப்பே துருப்பிடிக்கிறது, இது எம்மாத்திரம்?

நல்ல வயரைத் தேடி நான் எங்கேயும் போகவில்லை. என் காலடியில் ஒரு பெட்டி நிறையக் கிடந்தது: அறுந்த இயர்போன்கள். இயர்போன் வயரை உரித்துப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே தலைமயிர் போன்ற செம்பு இழைகள், நடுவில் நைலோன் நார். ஒவ்வொரு செம்பு இழைக்கும் மெல்லிய வர்ணப் பூச்சு. அந்தப் பூச்சுத்தான் காப்பு. வளைந்து வளைந்து கொடுப்பதற்கென்றே செய்த வயர், துணியோடு துணியாக ஓடும். தடையும் மிகக் குறைவு. ஒரே ஒரு தந்திரம்: பூச்சை எரிக்காமல் ஈயம் பிடிக்காது. சோல்டரிங் அயனின் நுனியில் ஈயத்தை உருண்டையாக உருக்கி வைத்து, வயர் முனையை அதற்குள் கொஞ்ச நேரம் பிடித்தால் பூச்சுப் புகைந்து போய்விடும். மோட்டார்க் கம்பியில் கை பழகியது இங்கே உதவியது. அதற்காகத்தான் அதை எறியவில்லை என்று சொன்னேன்.

அடுத்தது தேர்மிஸ்டரின் தலையை மூடுவது. இதில் இரண்டு தடவை தோற்றேன். நகப்பூச்சு ஒரு கிழமையில் வெடித்தது. பிறகு யன்னல் கண்ணாடிக்குப் பூசும் சிலிக்கோனை வைத்தேன். மெதுமையாக, அழகாக இருந்தது. பூசும்போது வினாகிரி மணம் வந்தது, நான் பொருட்படுத்தவில்லை. ஒரு மாதத்தில் வாசிப்புத் துள்ளத் தொடங்கியது. வெட்டிப் பார்த்தால் உள்ளே செம்பு பச்சையாகப் போயிருந்தது. அந்த மணம் அசற்றிக் அமிலத்தின் மணம். இறுகும்போது வெளியேறும் அந்த அமிலம் செம்பைத் தின்றுவிடும். சிலிக்கோன் வேண்டுமானால் வினாகிரி மணக்காத வகையைத் தேடுங்கள். நான் கடைசியில் அரல்டைட் என்ற ஒட்டுப் பிசினுக்குப் போய்விட்டேன். இங்கிலாந்தில் நாட்டிங்ஹம் டிரென்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் திலக் டயஸின் குழு செய்த மின்னணு நூலைப் பற்றி வாசித்தது அப்போது நினைவில் வந்தது. மிகச் சிறிய தேர்மிஸ்டரை மெல்லிய செம்பு இழையில் ஒட்டி, ஒரு துளி பிசினுக்குள் அடைத்து, சுற்றிலும் நார் வைத்து, அதற்குமேல் நூலாலேயே ஒரு உறை பின்னிவிடுகிறார்கள். கடைசியில் அது சாதாரண நூல் மாதிரி இருக்கும், துவைக்கலாம். என்னிடம் அந்த இயந்திரங்கள் இல்லை. ஆனால் எண்ணம் ஒன்றுதான்: முதலில் பிசின், பிறகு நார், கடைசியில் துணி.

பிசின் இறுகி முடிகிற இடமும் மெல்லிய வயர் தொடங்குகிற இடமும் சந்திக்கும் அந்தக் கோடு, அங்கேதான் வயர் அறும். போனில் சார்ஜர் வயர் எங்கே அறுகிறது என்று பாருங்கள், அதே கதை. அக்கா அதற்குமேல் ஒரு சின்னத் துணித்துண்டை வைத்துத் தைத்து, வயரை ஒரு வளையமாக விட்டார். இழுபட்டால் வளையம் விரியும்.

காப்பெல்லாம் முடிந்த பிறகு நனைத்துப் பார்த்தேன். கசிவு இல்லை. ஆனால் இப்போது எண் இறங்கியது! விசிறியின் கீழே ஈரப் பெனியன் இரண்டு பாகைக்கும் மேலே குறைத்துக் காட்டியது. இது பொய்யல்ல, உண்மையான குளிர்ச்சி. ஈரம் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது, மண்பானைத் தண்ணீர் குளிர்வதுபோல. சென்சர் தோலையும் பார்க்கிறது, முதுகுப்புறத்தில் துணியையும் காற்றையும் பார்க்கிறது; இரண்டுக்கும் நடுவில் ஒரு எண்ணைச் சொல்கிறது. அந்த இரவில் கசிவு கூட்டியும் ஈரம் குறைத்தும் இழுபறிப்பட்டு, கசிவு வென்றிருக்கிறது. இரண்டும் சமமாக இழுத்திருந்தால் சரியான எண்ணே வந்திருக்கும், நானும் எல்லாம் சரி என்று நம்பியிருப்பேன். அதை நினைத்தால்தான் பயம்.

இதற்கு மருந்து சென்சருக்குப் பின்னால் ஒரு மெத்தை. அக்கா சட்டைத் தோளுக்கு வைக்கும் பஞ்சு மெத்தையில் ஒரு ரூபாய்க் குற்றியளவு வெட்டி, சென்சரின் முதுகில் வைத்தார். தோல் பக்கத்தில் ஒற்றை மெல்லிய துணி மட்டும். அதோடு, அந்த இடத்துக்கு மட்டும் உள்ளே ஒரு அகல இலாஸ்டிக். இறுக்கினால் பையன் கழற்றி எறிவான், தளர்த்தினால் காற்றை அளப்போம். எவ்வளவு இறுக்கலாம் என்பதை அக்கா பையனின் முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்தார். எந்தப் புத்தகத்திலும் அந்த அளவு இல்லை.

தொடுகை சரியா என்று சோதிப்பதில் நம்மூருக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் மத்தியானக் காற்று 34, 35 பாகைக்குப் போகும். நெஞ்சுத் தோலின் சூடும் 33 இலிருந்து 35 வரைதான். ஆகவே சென்சர் தோலைத் தொடாமல் காற்றில் தொங்கினாலும் எண் அழகாக 34.5 என்று நிற்கும். நான் ஒரு கிழமை அப்படி ஏமாந்தேன். கச்சான் காலத்தில் பரிசோதிப்பதென்றால் விடியற்காலையில் செய்யுங்கள், அல்லது ஏசி அறைக்குப் போங்கள். காற்றுக்கும் உடம்புக்கும் குறைந்தது ஐந்தாறு பாகை வித்தியாசம் இருந்தால்தான் சென்சர் எதைத் தொடுகிறது என்று தெரியும். மார்கழி வாடையில் செய்தால் இன்னும் நல்லது.

அளவைச் சரிபார்க்க நொறுக்கிய ஐஸ் தண்ணீர் பூச்சியப் பாகை காட்டவேண்டும் என்பார்கள். நான் மீன்கடையில் ஐஸ் வாங்கினேன். பூச்சியத்துக்கும் கீழே போனது. சென்சரைத் திட்டித் தீர்த்த பிறகுதான் உறைத்தது: மீன் ஐஸில் உப்பு. உப்புச் சேர்ந்தால் பூச்சியத்துக்குக் கீழேதான் நிற்கும். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் குடிதண்ணீரில் செய்த ஐஸ் சரியாக வந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால், காய்ச்சலுக்குப் பூச்சியம் தேவையில்லை. சுடுதண்ணீர்ப் போத்தலில் 40 பாகை அளவில் வெந்நீர் எடுத்து, நல்ல டிஜிற்றல் தேர்மோமீற்றரின் நுனியையும் சென்சரையும் ஒரு இலாஸ்டிக்கால் சேர்த்துக் கட்டி உள்ளே விட்டு, கலக்கிக் கலக்கி 40, 39, 38, 37 என்று இறங்க இறங்க எழுதுவதுதான் பிரயோசனம். எந்த எல்லைக்குள் பாவிக்கப் போகிறீர்களோ அந்த எல்லைக்குள் சரிபாருங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு கன்னியா வெந்நீர் ஊற்றுக்குப் போனபோது சென்சரையும் கொண்டுபோனேன். ஏழு கிணற்றுக்கும் ஏழு சூடு என்று சின்ன வயதில் இருந்தே கேட்டது. வாளியில் அள்ளி அள்ளிச் சென்சரை விட்டுப் பார்த்தால், ஆமாம், ஒன்றுக்கொன்று வித்தியாசம் காட்டத்தான் செய்தது. மூத்தவள் கொப்பியில் எழுதினாள். ஆனால் எனக்கு அங்கே கிடைத்த விசயம் வேறு. தண்ணீரில் வைத்ததும் சில விநாடிகளில் எண் நின்றுவிட்டது. பெனியனுக்குள் அதே சென்சருக்குப் பத்து நிமிடம் வேண்டும். தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் நன்றாகச் சூட்டைக் கடத்தும். துணிக்குள் நிறைய இருப்பது காற்று. அன்றிலிருந்து பெனியன் போட்டு 15 நிமிடம் வரை வரும் எண்ணை நிரலே காட்டாதபடி மாற்றிவிட்டேன். 25 க்குக் கீழே, 43 க்கு மேலே வந்தால் எண்ணுக்குப் பதிலாக 'தொடர்பு இல்லை' என்று மட்டும் காட்டும். அறுந்த வயரை நோயாக வாசிக்கக்கூடாது.

பற்றரி விசயத்தில் ஒரு சொல். பிள்ளை தூங்கும் உடுப்பில் லித்தியம் பற்றரி வைக்கமாட்டேன், எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும். பொத்தான் பற்றரியும் வேண்டாம். குழந்தை விழுங்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே தொண்டைக்குழலைப் புண்ணாக்கிவிடும். பவர்பாங்க் முயன்றேன்; இவ்வளவு சொற்ப மின்னை ஒருவரும் எடுக்கவில்லை என்று நினைத்து அரை நிமிடத்தில் தானே அணைந்துவிட்டது. கடைசியில் சுண்டுவிரல் அளவுள்ள சாதாரணப் பற்றரி மூன்று, திருகாணி போட்டு மூடும் சின்னப் பெட்டி, இடுப்புப் பக்கம் வெளிப் பொக்கெற்றில். வயர் கழுத்துப் பக்கம் போகவே கூடாது. தேர்மிஸ்டருக்கும் எப்போதும் மின் கொடுக்காமல் வாசிக்கும் கணத்தில் மட்டும் கொடுக்கிறேன். இல்லாவிட்டால் அதுவே சற்றுச் சூடாகித் தன் சூட்டையே அளக்கும்.

துவைப்பது? என் மாமியார் ஒருநாள் பெனியனைச் சவர்க்காரத் தூளில் ஊறவைத்து, நீலம் போட்டு, கல்லில் நாலு அடி அடித்துக் கொடியில் காயப் போட்டிருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. பெனியன் என்றால் அதைத்தான் செய்வார்கள். அதற்குப் பிறகு அக்கா சென்சரையும் வயரையும் ஒரு நாடாப் பட்டியில் தைத்து, பெனியனின் உள்பக்கம் நீளமாக ஒரு கள்ளப் பொக்கெற் போட்டார். துவைக்க முன்பு பட்டியை உருவி எடுக்கலாம். பெனியன் பெனியனாக இருக்கும். இத்தனை வேலையிலும் ஆகப் பயன்பட்ட மாற்றம் எது என்று கேட்டால், இதைத்தான் சொல்வேன்.

கையில் காசு இருப்பவர்கள் என்னைப்போலப் பற்றரியை உடைக்கத் தேவையில்லை. டிஎஸ்18பி20 என்ற டிஜிற்றல் சென்சர் எண்ணாகவே தகவலை அனுப்பும், வயரின் தடை அதைக் குழப்பாது. ஆனால் அதன் உறுதி கூட்டல் கழித்தல் 0.5 பாகைதான், காய்ச்சலுக்கு அது பெரிய இடைவெளி. போலிகளும் தாராளம். உடம்புச் சூட்டுக்கென்றே செய்த மாக்ஸ் 30205 என்பது 37 இலிருந்து 39 வரை 0.1 பாகைக்குள் சொல்லும். என்றாலும் எதை வாங்கினாலும் அது தொடுகிற இடத்தின் சூட்டைத்தான் சொல்லும். கை விரிந்து கிடக்கும்போது கமக்கட்டில் 35.5, கையை ஒட்டி வைத்தால் 36.6. தூங்கும் பிள்ளையிடம் கையை ஒட்டி வை என்று சொல்ல முடியுமா? அதனால் நான் இப்போது எண்ணைப் பார்ப்பதில்லை, ஏறுகிறதா இறங்குகிறதா என்று கோட்டைப் பார்க்கிறேன். அரை மணித்தியாலத்தில் ஒரு பாகை ஏறினால் அலாரம். அலாரம் அடித்தால் முதலில் கை, பிறகு தேர்மோமீற்றர். மருந்தைப் பெனியன் தீர்மானிக்காது.

டெங்கு விசயத்தில் இதை அழுத்திச் சொல்லவேண்டும். மூத்தவள் வாட்டில் கிடந்தபோது டொக்டர் எங்களுக்குச் சொன்னது இன்றும் காதில் நிற்கிறது: காய்ச்சல் விடும் நேரம்தான் பயப்படவேண்டிய நேரம். டெங்கில் மூன்றாம் நாளுக்குப் பிறகு காய்ச்சல் இறங்கும்போதுதான் குருதிக்குழாயில் இருந்து நீர் கசியும் கட்டம் வருகிறது. கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, இரத்தக் கசிவு, கைகால் சில்லிடுதல், சிறுநீர் குறைதல் இவற்றில் எதையும் பெனியன் பார்க்காது. அது 'இறங்கிவிட்டது' என்று பச்சை நிறத்தில் சந்தோசமாகக் காட்டும். அதனால் அந்தப் பச்சை நிறத்தையே நிரலில் இருந்து எடுத்துவிட்டேன். எல்லா எண்ணும் ஒரே கறுப்பு.

இப்போது சின்னவனுக்கு ஏழு வயது. பெனியன் ஏறாது. போன மாதம் பட்டியை உருவிக் கடை லாச்சியில் போட வைத்திருந்தேன். அக்காவின் புருஷன் மீன் வியாபாரம் செய்கிறவர், அதைத் தூக்கிப் பார்த்தார்.

"இது நனைஞ்சாலும் வேலை செய்யுமோ?"

"செய்யும் அண்ணன். உப்புத் தண்ணியிலயும் செய்யும்."

"அப்ப என்ர ஐஸ் பெட்டிக்குள்ள போடுவம். வெயிலுக்க நிலாவெளி போய்ச் சேர முன்னம் ஐஸ் இருக்கோ கரைஞ்சுதோ எண்டு மூடி திறக்காமலே பார்க்கலாமே."

நிரலில் எல்லைகளை மட்டும் மாற்றிக் கொடுத்தேன். அக்கா கள்ளப் பொக்கெற்றைப் பெனியனில் இருந்து பிரித்து, தார்ப்பாய்த் துண்டில் வைத்துத் தைத்துக் கொடுத்திருக்கிறார். பத்து நாளாக அவருடைய மோட்டார் சைக்கிளின் பின்பெட்டிக்குள் இருக்கிறது. கடைசியாகக் கேட்டபோது மைனஸ் ஒன்று என்றார்.